டிஸ்பென்சரி ஐயாவும் சலூன் மீன்களும்

"யோகேஸ் தம்பி, இது என்ன?"

மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த இக்னேசியஸ், இரண்டு விரல்களுக்கு நடுவில் எதையோ பிடித்து வெளியே தூக்கினார்.

நாற்காலியில் இருந்தவரின் பிடரியில் கத்தியை வைத்திருந்த யோகேஸ்வரன் அப்படியே திரும்பிப் பார்த்தான். "முடிங்கய்யா."

"முடின்னு எனக்கும் தெரியுது. யாரு முடி?"

"அதெப்படிங்கய்யா சொல்றது? காலையிலருந்து எத்தன தலை!"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இக்னேசியஸ் சிரிக்கவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த அந்தச் சலூனில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே தொட்டி. தண்ணீர் நல்ல தேயிலைச் சாய நிறம். அதற்குள் மூன்று தங்கமீன்கள், யாருடைய கிருதாவையோ விலக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன.

"சோத்துல ஒரு முடி கெடந்தா நீ எலையத் தள்ளிட்டு எந்திரிச்சிருவ. இதுங்க மட்டும் முடியிலயே குடும்பம் நடத்தணுமா? வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணிய மாத்துன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்?"

"சொன்னீங்கய்யா. நாளைக்குக் கட்டாயம் மாத்திர்றேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நாளைக்கும் நீங்க வருவீங்கல்லய்யா? வந்து பாருங்க. இருங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. அப்படி என்ன அவசரம்?"

இப்படி மரியாதையாகப் பேசுகிறவனை என்னதான் செய்வது? இக்னேசியஸின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அவர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். அங்கே அவர் "வாயைத் திற" என்றால் கொழுந்தெடுப்பவர்கள் முதல் அவர்களை வேலை வாங்கும் கண்டாக்கையா வரை மறுபேச்சில்லாமல் திறப்பார்கள். ஓய்வு பெற்று ஹட்டனில் வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான், இனி தான் சொல்லி யாரும் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது அவருக்கு உறைத்தது. தன்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அதைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அவரை மீன்களின் பக்கம் திருப்பிவிட்டவள் மனைவி சுகிர்தம்தான். "கடத்தெருவுல தொட்டி வச்சிருக்கிறவங்க அந்த மீனுங்கள என்ன பாடு படுத்துறாங்க பாத்தீங்களா? ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல," என்று ஒருநாள் பெருமூச்சு விட்டாள். நாதியாக இக்னேசியஸ் புறப்பட்டுவிட்டார். யூடியூப் பார்த்து இரண்டே நாளில் மீன் வைத்தியரும் ஆகிவிட்டார்.

முதலில் போன் கடை. அவருடைய போதனையைக் கேட்டு மனம் மாறிய கடைக்காரன், மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டுத் தொட்டியில் குடைகளைச் செருகி வைத்தான். அடுத்தது ஸ்டூடியோ. அங்கே பிளாஸ்டிக் மீன்களை மிதக்கவிட்டு, "இதுக்கு நோயே வராதுங்கய்யா," என்று பெருமையோடு காட்டினார்கள். மிச்சம் இருந்தது யோகேஸ்வரன் மட்டும்தான். தன் பேச்சைக் கேட்டு ஒரே ஒருவன் ஒரே ஒரு தொட்டியைக் கழுவினால் போதும், தான் இன்னும் செல்லாக்காசாகிவிடவில்லை என்று நிம்மதியாகக் கையைக் காலை நீட்டிக்கொள்ளலாம். இக்னேசியஸின் ஆசை அவ்வளவுதான்.

மறுநாள் போனார். தண்ணீரில் முடியோடு இப்போது வேறு ஏதோ துண்டுகளும் மிதந்தன.

"இது யாரு போட்டது?"

"வர்றவங்க போடுறாங்கய்யா. காத்துக்கிட்டு இருக்கிறப்ப பொழுது போகணுமில்ல."

இக்னேசியஸ் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகர்ந்தவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாலுபான்! அடப்பாவிகளா, மீனுக்கே மீன் வச்ச பணிஸா?"

"அதுங்களும் ஆசையாத்தாங்கய்யா சாப்புடுது."

கையோடு ஓர் அட்டை வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: 'மீன்களுக்கு எந்த உணவும் கொடுக்கக் கூடாது.'

அங்கேதான் மனுஷன் சறுக்கினார். தோட்டத்து ஜனங்களிடம் ஓர் உயிர் பட்டினி கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கையில் இருப்பதைப் பிட்டுக் கொடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். அதுவரை பொழுதுபோக்குக்குப் போட்டவர்கள் இப்போது புண்ணியத்துக்குப் போட ஆரம்பித்தார்கள். முடி வெட்டும் வேலையே இல்லாதவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், சோறே போடக் கூடாதாமே! இவங்கல்லாம் மனுசங்களா?" என்று ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓர் அம்மா, வெறும் ரொட்டியா என்று மனம் கேட்காமல் மிளகாய்ச் சம்பலும் சேர்த்துப் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

"அட்டையக் கழட்டிரவாங்கய்யா?" என்று யோகேஸ்வரன் பயந்து பயந்து கேட்டான்.

"அட்டை கெடக்கட்டும். தண்ணிய மாத்துவோம். முழுசா!"

கால்வாசிக்கு மேல் மாற்றக் கூடாது என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தவர் அவர்தான். சம்பலைப் பார்த்த கோபத்தில் அது மறந்துபோயிற்று. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்று, மலையடியில் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். விரலை வைத்தால் எலும்பு வரை குளிரும் தண்ணீர். அதை அப்படியே தொட்டியில் ஊற்றி, மீன்களை உள்ளே விட்டார்.

மூன்று மீன்களும் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன.

"என்னங்கய்யா, படுத்துருச்சுங்க?"

"தூங்குதுங்க," என்றார் இக்னேசியஸ்.

சொன்ன பொய் அவருக்கே சகிக்கவில்லை. காய்ச்சலோடு பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர்களை டிஸ்பென்சரியில் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறார்! இப்போது நல்லா இருந்த மூன்று உயிரைப் பிடித்துப் பனித் தண்ணீரில் முக்கியிருக்கிறார். அழுக்கில் கொழுத்துக் கிடந்த மீன்கள் அவருடைய அக்கறையில் சாகப் பார்க்கின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஓடினார். மார்க்கெட் பக்கம் போய், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

அப்போது நாற்காலியில் மாயாண்டி கங்காணி உட்கார்ந்திருந்தார். மகளைப் பெண் பார்க்க மறுநாள் கினிகத்தேனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்காகத் தலை, மீசை இரண்டையும் ஒழுங்குபண்ண வந்திருந்தார். யோகேஸ்வரன் கரண்ட் மெசினால் தலையின் வலது பக்கத்தை முடித்துவிட்டு, இடது பக்கத்துக்குப் போகத் திரும்பிய நேரம்.

"ஐயா, அந்த பிளக்குல வேணாங்க..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இக்னேசியஸ் ஹீட்டரைச் செருகிவிட்டார்.

'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. மெசின் நின்றது. சலூன் மட்டுமல்ல, அந்த வரிசைக் கடைகள் அத்தனையும் இருண்டன. பக்கத்து டீக்கடை செல்லசாமி, "எவன்டா அது? என் கடை பிரிஜ்ஜும் நின்னுருச்சு!" என்று வெளியே வந்து கத்தினான்.

இருட்டுக்குள் மாயாண்டி கங்காணி தலையின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"யோகேஸு, ஒரு பக்கம் இருக்கு. ஒரு பக்கம் இல்லையே?"

"கரண்ட் வந்தோன்ன முடிச்சிர்றேன் மாமா."

"எப்ப வரும்?"

அன்று பூராவும் கரண்ட் வரவில்லை. மிச்சத்தைக் கத்தரியால் வெட்டப் போனால், கங்காணி கோபத்தில் தலையை ஆட்டி ஆட்டிப் பேசி அதையும் கெடுத்துக்கொண்டார். கடைசியில், "சம்பந்தம் மட்டும் தட்டிப் போச்சுன்னா, டிஸ்பென்சரி ஐயான்னும் பாக்க மாட்டேன்!" என்று தலையில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு போனார். மீன்கள் என்னவோ அந்தக் கலவரத்துக்குள்ளேயே தாமாக எழுந்து நீந்தத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

வீட்டுக்கு வந்த இக்னேசியஸ் சமையலறை வாசலிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போதும் சுகிர்தம். எனக்கும் மீனுக்கும் சரிவராது. நாளையிலருந்து நான் எங்கயும் போகல."

அரிசி களைந்துகொண்டிருந்த சுகிர்தத்தின் கை நின்றது. "எங்கயுமா?"

"எங்கயும். வீட்டுலயே ஒனக்கு ஒத்தாசையா இருக்கேன். அரிசிய அந்த மாதிரிப் போட்டுக் கசக்காத, சத்தெல்லாம் போயிரும். அடுப்பையும் கொஞ்சம் கொறச்சு வையி."

சுகிர்தம் சட்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. ஒரு தடவ சறுக்குனா விட்டுர்றதா? அந்த வாயில்லா சீவன் மூணும் உங்களத்தான நம்பி இருக்குதுங்க. உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"நெசமாத்தான் சொல்றியா?"

"மாதா மேல ஆண. நாளைக்கு வெள்ளனவே போங்க. நான் மத்தியானச் சாப்பாடும் கட்டித் தர்றேன். அவசரப்படாம இருந்து, பொறுமையா, சாயங்காலம் வரைக்கும் எடுத்துச் சொல்லுங்க."

இக்னேசியஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே சிரித்தாலும் தன்னை நம்புகிற ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். இத்தனை வருஷம் இவளைப் போய் உப்புக் கூட, புளி கூட என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று வருத்தமாகவும் இருந்தது. இனிமேல் சொல்லும்போது மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் சாப்பாட்டுப் பார்சலோடு சலூனுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டி பளிச்சென்று இருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது. முடி விழாமல் மேலே வலை கட்டியிருந்தது. அடியில் கழுவிய கூழாங்கல். தெளிந்த தண்ணீரில் மூன்று தங்கமீன்களும் வாலை வீசிக்கொண்டு திரிந்தன.

"யோகேஸ்... இது நீயா செஞ்ச?"

யோகேஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான். "நானேதாங்கய்யா. வாரா வாரம் கால்வாசித் தண்ணி, வேளைக்கு ஒரு சிட்டிகை தீனி. எல்லாம் இனி நானே பாத்துக்கிறேன். நீங்க சிரமப்படவே வேணாம். தயவு செஞ்சு ஹீட்டர மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க."

அவன் கண்களில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. என்ன மாதிரி மனமாற்றம்! இக்னேசியஸ் அந்த இடத்திலேயே போனை எடுத்தார்.

"சுகிர்தம், ஜெயிச்சிட்டேன்! யோகேஸ் திருந்திட்டான். தொட்டி பளபளன்னு இருக்கு. இனி எனக்கு இங்க வேலையே இல்ல. நாளையிலருந்து முழு நேரமும் வீட்டுலதான், ஒன் கூடவேதான்!"

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. போன் நின்றுபோனது.

"சந்தோசத்துல அழுவுறா," என்றார் இக்னேசியஸ், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

"ஒக்காருங்கய்யா. இன்னைக்கு உங்களுக்கு நான் சும்மாவே சவரம் பண்ணி விடுறேன்," என்றான் யோகேஸ்வரன்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து வரை வெள்ளைத் துணி. மூக்கு நுனி மட்டும் தெரிய முகமெல்லாம் சோப்பு நுரை. டிஸ்பென்சரியில் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு நிறைவை அவர் கண்டதில்லை. சொன்னதைக் கேட்கவும் ஊரில் ஒருவன் இருக்கிறான். நம்பவும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

படபடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. டீக்கடை செல்லசாமி உள்ளே ஓடி வந்தான். யோகேஸ்வரன் திடீரென்று இருமினான். கண்ணைக் காட்டினான். கத்தி பிடித்த கையால் நாற்காலியைக் காட்டினான். நுரைக்குள் இருப்பது யாரென்று செல்லசாமிக்கு எங்கே தெரிகிறது?

"யோகேஸண்ணே, டிஸ்பென்சரியம்மா இப்பத்தான் கோல் எடுத்தாங்க, ஒரே அழுக! 'தொட்டியக் கழுவாம வச்சு அவர அங்கயே புடிச்சு வச்சிருங்கன்னு கையப் புடிச்சுக் கேட்டேனே, இந்த யோகேஸ் தம்பி இப்படிக் கழுவிக் கெடுத்துருச்சே'ன்னு சொல்லி, நாளைக்கே என் கடையில ஒரு மீன் தொட்டி வாங்கி வச்சு நாறப் போடச் சொல்றாங்கண்ணே!"