சாணத் தடைச் சட்டமும் வேழநாயகியின் குடலும்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்த காலமெல்லாம் மலையேறிப் போய், அலுவலகம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதில் சுத்தத் துறை என்று ஒன்று. அதற்குத் தலைவி வேழநாயகி என்கிற பெண் யானை.

வேழநாயகி கெட்டவள் இல்லை. சுத்தக்காரி, அவ்வளவுதான். யானைக்குட்டி பால் மறக்கும் பருவத்தில் தாயின் சாணத்தைத் துழாவித் தின்னும். யானை தோன்றின நாளிலிருந்து அப்படித்தான். இவளுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். 'இப்படி இருந்தால் நம்மை யார் மதிப்பார்கள்?' என்று சாணத் தடைச் சட்டம் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு விதி, எல்லாம் சொந்தக் கையால் எழுதியது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் படிவத்தில் எழுதி விலக்குக் கேட்கலாம். ஆனால் ஒருத்தருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. சொந்தத் தங்கை மருதாயி தன் குட்டிக்காக மூன்று தடவை கேட்டாள். மூன்றையும் திருப்பி அனுப்பினாள். தங்கைக்கென்று தனி நியாயமா என்ன?

அதிகாரியானதும் சாப்பாடும் மாறிவிட்டது. மரப்பட்டையும் மூங்கிலும் பட்டிக்காட்டுத் தீனி என்று ஒதுக்கினாள். சுற்றுலா விடுதிக்குப் பின்னால் கொட்டுகிற வெள்ளை ரொட்டியும் கேக்கும்தான் மூன்று வேளையும். உள்ளே கிருமி இருந்தால் சாகட்டும் என்று தினம் ஒரு தொட்டி மருந்துத் தண்ணீர் வேறு குடித்தாள்.

கடைசியில் வயிறு பிடித்துக்கொண்டது. தண்ணீராகப் போவது ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்று தொடங்கி, பத்தாகி, பதினாலில் வந்து நின்றது. ரத்தமும் போனது. யானைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது அந்தரங்க விஷயமாக இருக்க வழியே இல்லை. விவரிக்கச் சொல்லாதீர்கள், நான் இப்போதுதான் சாப்பிட்டேன். சுத்தத் துறைத் தலைவி நடக்கிற பாதையை மான்கள் விட்டு விலகிப் போயின என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னும் இருபது நாளில் மந்தை கிளம்ப வேண்டும். கோடையில் மேட்டுக்காடு காய்ந்துவிடும், நாலு நாள் நடந்து ஆற்றங்கரை சேர்ந்தால்தான் தண்ணீர். நடக்க முடியாத யானைக்காக மந்தை நிற்காது. வேழநாயகியால் சேர்ந்தாற்போல அரை மைல் நடக்க முடியவில்லை. அவளுக்குச் சாவு பயம் வந்துவிட்டது.

மரங்கொத்தி டாக்டர் அவள் வயிற்றை ஏழெட்டு இடத்தில் தட்டிப் பார்த்தது.

"குடல் அழற்சி. உள்சுவர் பூரா புண்ணு. பட்டை, புல்லு தின்னு எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு வருஷம். அதையெல்லாம் விட்டுட்டேன் டாக்டர்."

"அதான். உங்க வயித்துல கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நாரு உங்களுக்குச் செரிக்காது, அதுங்கதான் தின்னும். தின்னுட்டு ஒரு கழிவு போடும். அந்தக் கழிவுதான் உங்க குடல் சுவருக்குச் சாப்பாடு, புண்ணு ஆத்துறதும் அதுதான். நீங்க நாரும் போடல, மேல மருந்துத் தண்ணியும் ஊத்தினீங்க. பாதி செத்துப்போச்சு. மீதி பசி தாங்காம சுவரையே சுரண்டித் தின்னுது."

வேழநாயகியின் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப நான் இத்தனை காலமும் கிருமியோட கழிவுலதான் உயிர் வாழ்ந்தேனா?"

"நல்லா இருந்த காலத்துல, ஆமா."

"மருந்து?"

"பட்டைக்குத் திரும்புங்க. ஆனா உள்ள தின்ன ஆள் இல்லாம பட்டையை மட்டும் அனுப்பி என்ன பண்ண? புது ஆளுங்களைக் குடிவெக்கணும். நல்ல வயிறுள்ள சொந்தக்காரங்க சாணம், சூடு ஆறுறதுக்குள்ள, தினம் ஒரு உருண்டை. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உங்களுக்கு வேற வழியும் தெரியல."

வேறு யாராவது என்றால் நேரே தங்கையிடம் போயிருப்பார்கள். இவள் படிவம் வாங்கப் போனாள். வரிசையில் நாற்பத்தோராவது ஆள். நடுவில் நாலு தடவை புதருக்கு ஓட வேண்டியிருந்தது. வரிசையை விட்டுப் போனவர் கடைசியில்தான் வந்து நிற்க வேண்டும் என்பது பதினோராம் விதி. அதை எழுதின மகராசி யார் என்று பக்கத்து முயலிடம் கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டாள்.

மாலையில் குமாஸ்தா முள்ளம்பன்றி அவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தது. "மேலதிகாரி கையெழுத்து இல்லையே?"

"மேலதிகாரி நான்தானேப்பா."

"விண்ணப்பதாரரே கையெழுத்துப் போடக் கூடாதும்மா. நீங்க எழுதினதுதான், ஏழாம் விதி."

ஓட்டையே இல்லாமல் எழுதியிருக்கிறோமே என்று அந்த வேதனையிலும் அவளுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. பிறகு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் மருதாயி முன்னால் போய் நின்றாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வானிலை பற்றிப் பேசினாள். மூங்கில் விளைச்சல் பற்றிப் பேசினாள். கடைசியில் ஒரு மாதிரி சொல்லிவிட்டாள்.

மருதாயி சிரிக்கவில்லை. "இதுக்கா அக்கா இப்படித் தடுமாறுறே? இந்தா, இப்பத்தான் போட்டேன். எடுத்துக்க."

"யாராவது பாத்துட்டா?"

"பாத்தா என்ன? எல்லாரும் தின்னுட்டுத்தானே இருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாக் குட்டியும். வயிறு சரியில்லேன்னா பெரியவங்களும். மொச்சுமொச்சுன்னு தின்னுட்டு, உன் ஆபீஸ் பக்கம் வரும்போது மட்டும் வாயைத் துடைச்சுக்குவாங்க."

"நீ மூணு தடவை அனுமதி கேட்டு எழுதினியேடி?"

"நீ திருப்பி அனுப்ப ஏதாவது வேணும்ல. சும்மா உக்காந்திருந்தா உனக்கு மனசு கஷ்டப்படும்னு எழுதினேன்." மருதாயி அவள் தும்பிக்கையைத் தடவிக்கொடுத்தாள். "சட்டம் வந்த நாள்லேருந்து அதன்படி நடந்த ஒரே ஜீவன் நீதான் அக்கா."

வேழநாயகி தரையில் கிடந்த உருண்டையைப் பார்த்தாள். மீறினார்களே என்ற கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் தான் ஒருத்தியே இதில் தனியாக நின்றிருக்கிறோம் என்பதுதான் உறைத்தது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, கூடவே வயிறும் வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் உருண்டையை வாயில் போட்டாள். அவள் பயந்த அளவுக்கு மோசமில்லை, பழைய பட்டை வாசனைதான்.

தினம் ஒரு உருண்டை, கூடை கூடையாகப் பட்டை. பதினாலு பத்தாயிற்று, பத்து ஐந்தாயிற்று. இருபதாம் நாள் மந்தை கிளம்பியபோது, இளைத்துப்போன உடம்போடு கடைசி ஆளாக வேழநாயகியும் நடந்தாள்.

கிளம்புவதற்கு முன் ஆண்டறிக்கை எழுதி முடித்திருந்தாள். மீறல்கள்: எதுவுமில்லை. சட்டம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது.

"ரத்து பண்ணிடலாமே அக்கா?" என்று வழியில் மருதாயி கேட்டாள்.

"பண்ணா ஏன்னு காடே கேக்கும். வாயில இதை வெச்சுக்கிட்டு என்னத்தடி பதில் சொல்ல?" என்றாள் வேழநாயகி, மென்றபடியே.

நீதி: சட்டம் போடுகிறவர் அதன்படி தாமும் நடக்கக் கூடாது. வயிற்றுக்கு ஆகாது.