வாட்டு அண்ணாச்சியும் மழைக் கழிவும்

பல்பை வாட் கணக்கில் பேசுவார்கள், மிக்ஸியைப் பேசுவார்கள். மனிதர்களை வாட் கணக்கில் பேசிய ஒரே ஆள் எங்கள் வாட்டு அண்ணாச்சிதான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். இயற்பெயரைச் சம்பளம் போடுகிறவர் தவிர யாரும் உபயோகித்ததில்லை. நான் பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பஸ் கிளம்பும்போது தவிர வேறெதற்கும் ஓடாதவன். ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வரும். இந்த மலையில் நடந்து ஏறினாலே நாக்கு தள்ளுகிறது, அதில் காசு கட்டி நம்பர் வாங்கி ஓடுவானேன்?

அண்ணாச்சி ஓட ஆரம்பித்ததே வீம்புக்குத்தான். எங்கள் ஊர் இளைஞர்கள் வருஷா வருஷம் ஒரு மலை ஓட்டம் நடத்துகிறார்கள். பஜாரில் கிளம்பி, வாகமண் ரோட்டில் ஏறி, மேட்டைச் சுற்றிக்கொண்டு பஜாருக்கே திரும்ப வேண்டும். முதல் தடவை அண்ணாச்சி பயல்களோடு போட்டி போட்டுக்கொண்டு பாய்ந்தார். பாதி ஏற்றத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டரில், சாக்கு மூட்டைகளுக்கு மேலே கிடத்தி, தொழிலாளர் லயத்தில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். கொழுந்து கிள்ளும் பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி அவர் சம்சாரம் செல்லத்தாயி.

"இங்க பாருங்க," என்றாள் செல்லத்தாயி, நானும் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே. "ஓடுங்க, வேண்டாங்கல. ஆனா இன்னொரு தடவ வண்டியில வந்து இறங்குனீங்க, அந்தப் பூட்ஸ அடுப்புல வச்சிருவேன். போட்டோக்காரரு சாட்சி."

செல்லத்தாயி சொன்னால் செய்கிறவள். அண்ணாச்சிக்கு ஓட்டம் நிலைக்குமா என்பது அந்த அடுப்பு வாயில் தொங்கியது.

விஷயம் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகளுக்குப் போனது. அப்பா இனி விழக்கூடாது என்று அவள் ஒரு வாட்சும், ஷூ நாடாவில் மாட்டுகிற பாக்கு அளவுச் சாமானும் அனுப்பிவைத்தாள். அதற்குப் பெயர் பவர் மீட்டர். ஓடும்போது உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அது கணக்குப் போட்டு வாட்சில் காட்டும். நமக்கென்று ஒரு எண் வைத்துக்கொண்டு, ஏற்றமோ இறக்கமோ, அதைத் தாண்டாமல் ஓடினால் பாதியில் விழ வேண்டியதில்லை. நம் எடையை மட்டும் முதலிலேயே போனில் சரியாகப் போட்டுவிட வேண்டும்.

ஆயுசு முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்து வாழ்ந்த மனுஷன் கையில் இது கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

"இருநூறு வாட்டு தம்பி. அதுதான் நம்ம அளவு," என்றார் ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு. "அதுக்கு மேல போனா டிராக்டரு. கீழ போனா தூக்கம்."

அன்றிலிருந்து ஊரில் யாரும் நிம்மதியாக நடக்க முடியவில்லை. பால்காரர் மேடேறினால், "முந்நூறு தாண்டுது, நிதானம்" என்பார். மாரியம்மன் கோயில் பூக்குழியில் இறங்குகிறவர்களிடம், எடுத்த எடுப்பிலேயே வாட்டை வீணடிக்க வேண்டாம் என்று புத்தி சொன்னார். உச்சக்கட்டம் ஒரு சாவு வீட்டில். பாடையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது.

"முன்னாடி ரெண்டு பேரும் ரொம்ப அதிகமா போறீங்க. அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அழுதுகொண்டிருந்த மகனே சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு மறுபடி அழுகையை ஆரம்பிக்க அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் அந்தச் சாமானைச் சம்சாரத்தின் பூட்ஸில் மாட்டிக் கொழுந்து கிள்ள அனுப்பினார். சாயங்காலம் போனில் வந்த கணக்கை மூன்று தடவை பார்த்தார். மறுநாளிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது அண்ணாச்சி. காரணம் கேட்டதற்கு, "அவ வாட்டு வேற," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முந்தின நாள், நம்பர் கொடுக்கும் இடத்தில் ஒரு டாக்டர் எல்லோருக்கும் எடை பார்த்தார். அண்ணாச்சி மிஷினில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். முகம் வெளிறிவிட்டது. போனில் போட்டிருந்ததைவிட ஆறு கிலோ கூடுதல்.

"ஆறு கிலோ எப்படி தம்பி ஏறும்? நான் தின்னுறது உனக்குத் தெரியாதா?"

"மிஷின் தப்பா இருக்கும் அண்ணாச்சி."

"மிஷின் தப்பு சொல்லாது," என்று சொல்லிவிட்டு, அங்கேயே போனில் எடையைத் திருத்தினார். தலைவிதி அப்படித் திரும்பியது.

மறுநாள் நான் கேமராவோடு கடைசி ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் ஜீப் அது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஜீப்புக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் மிச்சம். நம் அண்ணாச்சி. வாட்சைப் பார்க்கிறார், வேகத்தைக் குறைக்கிறார், மறுபடி பார்க்கிறார், இன்னும் குறைக்கிறார். ஏற்றம் வந்ததும் ஓட்டம் நடையாகிவிட்டது.

ஜீப் ஓட்டிய மலையாளிப் பையன் தலையை நீட்டினான். "சேட்டா, மதி. வண்டியில் கேறிக்கோ." போதும், ஏறிக்கொள் என்கிறான்.

அண்ணாச்சி ஜீப்பைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் எனக்கு அந்த அடுப்பு தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?" என்றேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கால் போவோம் போவோங்குது. ஆனா மீட்டரு இருநூறத் தாண்டுது தம்பி. நேத்து வரைக்கும் இப்படி இல்ல."

ஓடுகிறவர்கள் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கித் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

ஏற்றத்தின் நடுவில் பால் விடாத கட்டன் சாயா கொடுக்கிற மேஜை. அங்கே நின்றவர் மாடசாமி கங்காணி, எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிறவர். ஆற்றாமையில் அவரிடம் சொன்னேன், "அண்ணாச்சிக்குத் திடீர்னு ஆறு கிலோ ஏறிடுச்சாம்."

கங்காணி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க நிறுத்த எடையில இருந்து?"

"உங்க கொட்டகைத் தராசுலதான்," என்றார் அண்ணாச்சி. "நீங்கதான கங்காணி, வாயால சொன்னீங்க."

"அட, அன்னிக்கு நல்ல மழையில்ல? சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுல்ல சொன்னேன். கை வழக்கம்."

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்குக் கொஞ்சம், மழையானால் தண்ணீருக்குக் கொஞ்சம் கழிப்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். கங்காணி அந்தத் தராசில் எது ஏறினாலும் கழிப்பார். தன் பேரக்குழந்தைக்கே கழித்தவர்.

"நான் என்ன சாக்கா?" என்றார் அண்ணாச்சி.

அப்புறம் அவர் கண் பிரகாசமானது. ஃபிட்டர் மூளை சுற்ற ஆரம்பித்துவிட்டது. "பழைய இருநூறு கம்மி எடைக்கு வந்த இருநூறு. எடையத் திருத்துன நான் இருநூறத் திருத்தல. அதே ஓட்டத்துக்கு இன்னிக்கு இருநூத்தி இருபது காட்டணும். மீட்டரு பொய் சொல்லல தம்பி, நாமதான் அதுகிட்டப் பொய் சொல்லியிருக்கோம்."

"கணக்கு அப்புறம் அண்ணாச்சி, ஓடுங்க," என்று கத்தினேன்.

ஓடினார். வாட்சை இருநூற்று இருபதில் பிடித்துக்கொண்டு, தேங்கிக் கிடந்த தெம்பெல்லாம் சேர ஓடினார். ஜீப் பையன் கியரை மாற்ற வேண்டி வந்தது. மேட்டு வளைவுகளில், காலையில் அவரைத் தாண்டிப் போன பயல்கள் ரோட்டோரக் கலுங்குச் சுவர் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் ஒருவனிடம், "எடுத்த எடுப்புல வீணாக்கிட்டியே," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பஜாரில் ஓட்டத்துக்குக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சி எல்லைக் கோட்டைத் தாண்டினார். எத்தனையாவது ஆள் என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை.

"வாங்க, ஜீப்பிலயே வீட்ல விட்டுரச் சொல்றேன்," என்றேன்.

"போட்டோக்காரரே, நீருதான சாட்சி," என்றார் அண்ணாச்சி, வாசலில் நின்ற நாளை ஞாபகப்படுத்தி. "வண்டியில போயி இறங்கக் கூடாது."

ஆகவே லயம் வரைக்கும் நடந்தோம். ஆமாம், நானும் நடந்தேன். மஞ்சுப் பனி இறங்கி இருவரும் நனைந்துவிட்டோம். வாசலில் நின்ற செல்லத்தாயி முதலில் எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். வண்டி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்து அவர் நாடாக்களை அவிழ்த்தாள். பூட்ஸ் அடுப்புக்குத்தான் போனது. உள்ளே அல்ல, அடுப்புத் திண்டின் மேல், சூட்டில் காய.

அவர் கோட்டைத் தாண்டியபோது நான் எடுத்த படம் கலங்கிப்போயிருக்கிறது. தொழில்காரன் எடுத்த படமா இது என்று கேட்கிறார்கள். ஸ்டுடியோ சுவரில் கல்யாணப் படங்களுக்கு நடுவே அதை மாட்டி வைத்திருக்கிறேன். அந்த நொடியில் நான் கேமராவோடு துள்ளிக் குதித்தது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.