ஏழாம் நம்பர் அறையின் ஜப்பான் அழகு

ஏழாம் நம்பர் அறைக்கு அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் காய்வதற்குள் தங்கதுரை வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கெட்டுது காரியம்! யாருய்யா இப்பிடி பளபளன்னு அடிக்கச் சொன்னது?"

அம்சவல்லி லாட்ஜின் மேனேஜர் ராஜாங்கம் பெயிண்ட் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தங்கதுரை லேசுப்பட்ட ஆள் இல்லை. பீங்கான் பேட்டையில் சொந்தப் பட்டறை வைத்துக் கோப்பையும் பொம்மையும் சுட்டு விற்பவர். மெட்ராஸ் மூர்மார்க்கெட்டில் வாங்கிய ஜப்பான் படப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. ஜப்பானைப் பற்றி விருத்தாசலத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர்தான் தீர்த்துவைக்க வேண்டும். அதுவரை யாருக்கும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது வந்துவிட்டது. பேட்டையில் புதிதாகக் கட்டிய சூளையைப் பார்க்க, மொரிகாவா என்ற நிபுணர் வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து வருகிறார். தங்கப்போவது அம்சவல்லி லாட்ஜில்.

முதலாளி மாணிக்கவேல் ராஜாங்கத்தைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொல்லியிருந்தார். "அந்தாளு நம்ம விசிட்டர் நோட்டுல நல்லதா நாலு வரி எழுதிட்டுப் போவணும். எழுதிட்டாருன்னா நெய்வேலியில கட்டியிருக்கற புது லாட்ஜுக்கு நீதான் மேனேஜரு. இல்லன்னா ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து என் மச்சான வரவெச்சிடுவன்."

நெய்வேலி மேனேஜருக்குத் தனி வீடு உண்டு. ராஜாங்கமும் வாசுகியும் ஆறு வருஷமாக லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் குடித்தனம் நடத்தினார்கள். மாடிக்குப் போகிற ஒவ்வொருவரும் வாசுகியின் தலைக்கு மேலேதான் ஏறிப் போனார்கள். யாராவது அவசரமாக இறங்கினால் குழம்பில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"நாலு செவுரு ஒழுங்கா இருக்கற ஒரு வூடு. அவ்ளோதான் நான் கேக்கறது," என்பாள் வாசுகி. ஆறு வருஷமாக வேறு எதையும் அவள் கேட்டதே இல்லை.

"பெயிண்ட்டு நல்லாத்தான இருக்குது?" என்றார் ராஜாங்கம் ஈனமான குரலில்.

"ஜப்பான்காரங்களுக்குப் பளபளப்பே ஆவாதுய்யா! கீறலு, விரிசலு, கோணலு, பாசி, பழசு. இதுலதான் அழகு இருக்குதும்பாங்க. அதுக்கு வாபி-சாபின்னு பேரு."

"ஓட்ட ஒடசலுக்கா?"

"ஒடசல் இல்ல, அழகு. புரியறவனுக்குப் புரியும்."

புரியவில்லை என்று சொல்ல ராஜாங்கத்துக்குத் தைரியம் வரவில்லை. வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரர் பக்கிரி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, நான் மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப ஜப்பான் பட்டாளத்துக்குத் தண்ணி சொமந்தவன். அவங்க பாஷை கொஞ்சம் பேச வரும். வேணும்னா நான் பேசிப் பாக்கறன்."

"நீ குதிரைக்கிட்ட பேசு, போ," என்றார் தங்கதுரை.

கொத்தனார் கொளஞ்சியப்பன் வந்தார். பச்சை பெயிண்டைச் சுரண்டச் சொன்னார்கள். எனாமல் தனியாக வராமல் பூச்சையும் கூட்டிக்கொண்டு வந்தது. பூச்சு போன இடத்தில் செங்கல் பல்லை இளித்தது.

"இதான் வேணும்! இன்னும் கொஞ்சம் தட்டுய்யா!" என்று துள்ளினார் தங்கதுரை.

கட்டுவதற்கே கூலி வாங்கிப் பழகிய கொளஞ்சியப்பனுக்கு இடிக்கச் சொன்னதும் குஷி பிறந்துவிட்டது. கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டார். சுவரில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. எட்டாம் நம்பரில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த உரக் கம்பெனிக்காரர் அந்த ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார்.

"என்னா வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க, நீங்க பாருங்க," என்றார் ராஜாங்கம்.

"கோணல் ஜன்னல்! யாருக்குய்யா இப்பிடி அமையும்!" என்றார் தங்கதுரை.

உரக் கம்பெனிக்காரர் அரை முகச் சவரத்தோடு அறையைக் காலி செய்தார். கட்டிலின் ஒரு காலை நாலு விரல் அளவுக்கு அறுத்தார்கள். மிச்சமிருந்த சுவரில் டீ டிகாஷனை ஊற்றி, பத்து மழை கண்ட கறை வரவழைத்தார்கள். குளத்துப் பாசியை மூலையில் ஒட்டினார்கள். அதோடு ஒரு தவளையும் வந்துவிட்டது. இருக்கட்டும் என்றார் தங்கதுரை.

அடுத்து விரிசல் கோப்பை வேண்டும். தங்கதுரை தன் பட்டறையிலிருந்து பன்னிரண்டு புதுக் கோப்பைகள் கொண்டுவந்தார். அடுப்பில் பழுக்கக் காயவைத்து, சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் விரியும் என்றார். போட்டார்கள். ஒன்றுகூட விரியவில்லை. மறுபடி போட்டார்கள். அப்போதும் விரியவில்லை.

"பாத்தியா, நம்ம சரக்கு!" என்று தங்கதுரை மார்தட்டினார். அப்புறம்தான் அழவேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

அவரும் ராஜாங்கமும் பட்டறைக்கு ஓடினார்கள். அங்கே சரக்கைச் சோதிக்கிற பாஞ்சாலை ஒவ்வொரு கோப்பையாக எடுத்து ஒரு குச்சியால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ணங்' என்றால் கூடைக்குப் போகும். 'டொக்' என்றால் உள்விரிசல். அந்த க்ஷணமே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் தள்ளிவிடுவாள். தப்பித் தவறி நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாதல்லவா?

"இனிமே 'டொக்'குன்னு கேட்டா ஒடைக்காத, எங்கிட்ட குடு," என்றார் தங்கதுரை.

பாஞ்சாலை தன் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்து வருஷமா ஒரு விரிசல் கோப்பைய வெளிய வுட்டதில்லங்க நானு. நாளைக்கு யாராச்சும் கேட்டா என்னத்தான கேப்பாங்க?"

கெஞ்சிக் கூத்தாடி ஆறு கோப்பை வாங்கி வந்து வைத்தால், மறுநாள் காலையில் ஆறும் இல்லை. பளபளவென்று ஆறு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கூட்டிப் பெருக்குகிற காசியம்மாளின் வேலை.

"விரிசல் உட்ட சாமானு வூட்ல இருந்தா குடும்பம் விருத்திக்கு வருமா? விருந்தாளி எதுக்க வெக்கறீங்களே, வெக்கமா இல்ல? எல்லாத்தையும் கெணத்து மேட்டுல போட்டு ஒடச்சிட்டன்," என்றாள் அவள். பாசியையும் சுரண்டிக் கழுவிவிட்டிருந்தாள். தவளையை மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை.

மறுபடி பாஞ்சாலை, மறுபடி பாசி. இந்தத் தடவை அறை வாசலில் ராஜாங்கமே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை மாலை முதலாளி வந்து பார்த்தார். ஓட்டையில் தலையை நீட்டி எட்டாம் நம்பரை ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏய்யா, பெயிண்ட்டு அடிக்கச் சொன்னனா, இடிக்கச் சொன்னனா?"

தங்கதுரை புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். படத்தில் ஒரு மண் சுவர், ஒரு விரிசல் கிண்ணம், ஒரு காய்ந்த குச்சி. முதலாளி படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தாளு மூஞ்சி சுளிச்சாருன்னா, இவன் பொட்டிய கட்டிக்கவேண்டியதுதான்," என்று ராஜாங்கத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நெய்வேலியோடு மாடிப்படி அறையும் சேர்ந்து கையைவிட்டுப் போகிறதே என்று ராஜாங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மொரிகாவா வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். கூட வந்த அதிகாரி அவரை வாசலில் இறக்கிவிட்டு ஜீப்பில் பறந்துவிட்டார். மொரிகாவாவுக்கு இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரியும். ராஜாங்கத்துக்கு அதில் ஆறு தெரியும்.

அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு அடி வைத்தவர் அப்படியே நின்றார். சுவரைத் தொட்டார். ஓட்டையில் கைவிட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து நெஞ்சோடு சேர்த்துவைத்து, கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றார்.

"பாத்தியா! கோயிலுக்குள்ள நிக்கற மாதிரி நிக்கறாரு!" என்று கிசுகிசுத்தார் தங்கதுரை.

லாட்ஜுக்குப் பின்பக்கம்தான் ரயில்வே ஜங்ஷன். நாலு மணி கூட்ஸ் வண்டி போனது. வழக்கம்போல ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆடியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மொரிகாவா துள்ளி எழுந்து ராஜாங்கத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவு நிலைக்குக் கீழே நின்றார். கடைசிப் பெட்டி போகிறவரை கையை விடவேயில்லை.

"பிரேவ். வெரி பிரேவ்," என்றார், கண் கலங்க.

"பழச வெச்சி அலங்காரம் பண்ணத் தைரியம் வேணும்ல? அதச் சொல்றாரு," என்று விளக்கினார் தங்கதுரை. ராஜாங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டில் ஒரே ஒரு இட்லி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காசியம்மாள் பக்கம் தள்ளி, நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். பாயை எடுத்துக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தடியில் படுத்தார். இயற்கையோடு ஒன்றிப்போவதுதான் வாபி-சாபியின் உச்சம் என்றார் தங்கதுரை.

மறுநாள் கிளம்பும்போது விசிட்டர் நோட்டில் நாலு வரி என்ன, ஒரு பக்கம் முழுக்க ஜப்பான் எழுத்தில் எழுதி, கீழே சிவப்பு முத்திரை குத்தினார். தன் கம்பளியை மடித்து இரண்டு கையாலும் வாசுகியிடம் கொடுத்தார். எல்லாரையும் இடுப்பு வளைய வணங்கினார். காசியம்மாளையும் வணங்கினார். அவள் பதறிப்போய்த் திருப்பி விழுந்து கும்பிட்டாள்.

பக்கிரியின் வண்டியில் அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் முதலாளி ராஜாங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நெய்வேலி உனக்குத்தான்டா!"

அதோடு விட்டாரா? நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் சுவரில் மாட்டினார். போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு, அந்த எழுத்துகளை அச்சாக அப்படியே பன்னிரண்டு அடி போர்டில் எழுதவைத்து நெய்வேலி லாட்ஜின் நெற்றியில் ஏற்றினார். அங்கே கட்டி முடித்து வெள்ளையடித்திருந்த இருபது அறையும் ஏழாம் நம்பர் மாதிரியே ஆகவேண்டும் என்று கொளஞ்சியப்பனைக் கடப்பாரையோடு அனுப்பினார்.

பத்து நாளில் வாசுகி மூட்டை கட்டிவிட்டாள். ஜப்பான் கம்பளி டிரங்குப் பெட்டியில் மேலாக இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, மாடிப்படியில் யார் ஓடினாலும் அவள் திட்டவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் கொளஞ்சியப்பன் நெய்வேலி பஸ்ஸிலிருந்து புழுதியோடு இறங்கி வந்தார்.

"பதினோரு ரூமு முடிஞ்சிதுங்க," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா மொதல்ல அண்ணன் வூட்டத்தான் எடுத்தன். எனக்கு இவ்ளோ பெரிய வேல வாங்கிக் குடுத்தவராச்சே! நாலு செவுத்துலயும் ஓட்ட போட்டாச்சி. கூரையில கூட ஒண்ணு."

வாசுகி கையிலிருந்த குடத்தை மெல்லக் கீழே வைத்தாள். ராஜாங்கம் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"அதனால என்னாம்மா? ஜப்பான்காரரே பாத்து அசந்துபோன அழகு!" என்றார் முதலாளி.

சாமான் ஏற்ற வண்டியோடு வந்திருந்தார் பக்கிரி. மகள் பிரசவத்துக்கென்று மங்களூர் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். வாசலில் மாட்டியிருந்த சட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாய்யா, பாஷ தெரிஞ்சவனாச்சே. எங்க, படி பாப்பம்!" என்று முதலாளி சிரித்தார். தங்கதுரையும் சிரித்தார்.

"படிக்க வராதுங்க. ஆனா என்னா எழுதினாருன்னு அவரே வண்டியில வரும்போது சொன்னாருங்க," என்றார் பக்கிரி. "'இவ்ளோ பெரிய பூகம்பத்துல எல்லாம் இடிஞ்சிபோயும், வந்தவனுக்கு எடம் குடுத்து சோறு போட்ட நல்ல ஜனங்க, இவங்களுக்குச் சீக்கிரமா ஒரு நல்ல வூடு அமையணும்'னு எழுதியிருக்காராம்."