ஹெட்போன் இரைச்சலை ஒழித்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அவள் முழங்கால் மட்டும் வழக்கம்போல் முணுமுணுக்கிறது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் கண்ணாரக் கண்டேன். பேசித்தான் ஆயிற்றே, பிறகெதற்குக் கடிதம் என்பீர்கள். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். வேலை முடிந்தால் விவரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் பழக்கம்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த ஹெட்போனில் "கொர்ர்ர்" என்று ஓர் இரைச்சல் வந்ததல்லவா? "மாடிப்படி ஏறினது போதும், எங்களோடு வந்து இருங்கள்" என்று நீங்கள் கூப்பிட, இந்த மூன்றாவது மாடியைவிட்டு நகரமாட்டேன் என்று நான் சொல்ல, அந்த இரைச்சலில் மூன்று வாரமாக எதுவும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பேச்சு என்று என் மகள் சொல்லிவிட்டாள். விடுவேனா? சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்போன் சார்ஜரைத் தள்ளி வைத்தேன், இரைச்சல் அசையவில்லை. பிளக்கைத் துணியால் துடைத்தேன், ம்ஹூம். "முன்னாடி ஓட்டையில வேணாம் மாமா, பின்னாடி சொருகிப் பாருங்க"ன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்து, மேசைக்கடியில் தவழ்ந்துபோய்க் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினேன். பாதி குறைந்தது. உங்கள் யோசனைக்குப் பாதி மார்க் போட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கு அனுபவம் வேண்டும். லிஃப்டை மேலே போகச் சொன்னால் கீழே போகிறதா? மோட்டாரில் இரண்டு ஒயரை இடம் மாற்று, தீர்ந்தது கதை. இங்கேயும் இரண்டு பிளக், காதுக்குப் பச்சை ஒன்று, பேசுகிற மைக்குக்கு ரோஸ் ஒன்று. பச்சையைப் பிடுங்கி ரோஸ் ஓட்டையிலும், ரோஸைப் பச்சை ஓட்டையிலும் போட்டேன். அடேயப்பா, கப்சிப்! "கலர் பாத்துச் சொருகணும்னு அட்டையில படம் போட்டிருக்கே"ன்னு உங்க அத்தை இழுத்தாள். "படம் போட்டவன் எத்தனை லிஃப்ட் பாத்திருக்கான்?"னு ஒரே கேள்வி, அதோட பேச்சை விட்டுட்டா.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தீர்களே, பொட்டு இரைச்சல் உண்டா? உங்கள் பேச்சும் காதில் விழவில்லைதான். அது உங்கள் பக்கத்து லைன் கோளாறு, என் வேலையில் சேராது. மூன்று வாரமாகச் சொன்னதைத்தானே சொல்லியிருப்பீர்கள்? குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று, சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் இரண்டு தரம் காதைத் தொட்டுக் காட்டி ஹெட்போனை விசாரித்தீர்கள். நானும் பிரமாதம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். கடைசியில், செத்தாலும் இந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று நறுக்கென்று நாலு வார்த்தை சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாமனார் சொல்லை இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்ட உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இருவரும் நோய்நொடியில்லாமல், எந்த இரைச்சலும் இல்லாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது கீழே லாரி ஹாரன். எட்டிப் பார்த்தால், "மாப்பிள்ளை அனுப்பினாரு சார். வரோம்னு தலையாட்டிட்டீங்களாமே?" என்கிறார் டிரைவர். திகைத்துப்போய்த் திரும்பினேன். உங்கள் அத்தை எல்லாப் பாத்திரத்தையும் கட்டிவைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"பிளக் மாறியிருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. முழங்கால் வலிக்குதுன்னும் நாலு வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

பாத்திர மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன், மாப்பிள்ளை. ஊரெல்லாம் லிஃப்ட் ஓடவைத்தவன் வீட்டுக்கு ஐம்பத்துநாலு படி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவள் இறங்குவதை இன்றைக்குத்தான் கூடவே நடந்து பார்த்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. லாரியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். கம்ப்யூட்டருக்கு ஒரு இடம் ஒழித்து வையுங்கள். பிளக்கை மட்டும் உங்கள் அத்தை சொருகட்டும்.