இன்னும் ஒரு அம்பதடி

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பூமிக்குள் போட்டிருக்கிற ஓட்டைகளில் பாதியை ஆழமாக்கியது ஒரே ஆள்தான். அவரிடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டி கிடையாது. ஒரு நாற்காலி மட்டும்தான் இருந்தது.

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் பக்கம் யார் தோட்டத்தில் போர் போட்டாலும், ரிக் வண்டி வந்து நிற்பதற்குள் மொபெட்டின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைக்கும்போது அவர் உட்கார்ந்து குடையை விரித்தாகியிருக்கும். அழைப்பெல்லாம் எதிர்பார்க்க மாட்டார். இழவு வீட்டுக்கும் போருக்கும் கூப்பிட்டா போவார்கள் என்பது அவர் கட்சி.

தண்ணீர் இல்லாத பூமியில் போர் இறங்கினால் பாறை மாவாகி வெள்ளைப் புழுதியாகக் கிளம்பும். அதைப் புகை என்போம். புகை நிற்காமல் வந்தால் ரிக் டிரைவர், "நிறுத்திரலாங்களா?" என்று கேட்பார். தோட்டக்காரர் மனைவியைப் பார்ப்பார். மனைவி வானத்தைப் பார்ப்பாள். அப்போது குடைக்குக் கீழே இருந்து ஒரு குரல் வரும்.

"இன்னும் ஒரு அம்பதடி போடு சாமி."

அதுதான் அவர் பெயராகிவிட்டது. ஊர் முறையில் அவர் என் கணவருக்குச் சித்தப்பா, எனக்கு மாமா. ஆனாலும் அம்பதடி மாமா என்றால்தான் யாருக்கும் தெரியும்.

ஒரே ஒரு முறை அவர் சொன்ன அம்பதடியில் தண்ணீர் தென்னைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. ரிக் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். மாமா மட்டும் குடைக்குள் உட்கார்ந்து, "நாஞ் சொன்னனில்ல" என்றார். அந்த ஒரு தண்ணீரை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

சாயங்காலம் அவர் வீடு திரும்புவதுதான் ஊருக்குச் செய்தி. தலை, மீசை, நாற்காலி எல்லாம் வெள்ளையாக வந்தால் போர் புகை. சேறு தெறித்து வந்தால் தண்ணீர். டீக்கடையில் அவர் சட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். போர் போட்டவரிடம் போய் யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் முன்பு மாவு மில் வைத்திருந்தவர். அவர் போரில் இரண்டு அம்பதடி போட்டும் புகைதான். மில்லுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்திரிங்க. என்ற காட்டுல இனி நீங்க உக்காரக் கூடாது."

மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"இது உன்ற காடில்லையே. இன்னும் ஒரு அம்பதடி போடு."

"உன்ற காட்டுல போடறது?" என்று மில்லுக்காரர் கத்தினார். அது நியாயமான கேள்விதான். மாமா தன் காட்டில் போரே போட்டதில்லை. ஏரிக்கரை ஓரமாக அவருடைய பழைய கிணறு இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை.

மற்ற எங்களுக்கெல்லாம் வானம்தான். மேட்டூர் நிரம்பினால் நாங்கள் டிவியில் பார்ப்போம், அவ்வளவுதான்.

எங்கள் மகன் பிரபு படித்துவிட்டும் தோட்டத்தையே பார்க்கிறேன் என்று இருந்துவிட்டான். எங்கள் பக்கம் தோட்டம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது போரில் தண்ணீர் கிடைப்பதைவிடக் கஷ்டம். கடைசியில் ராசிபுரம் பக்கம் ஒரு பெண் அமைந்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது, ஜாதகமும் சேர்ந்தது. பெண்ணின் அப்பா தோட்டம் பார்க்க வந்தார். மாட்டைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், எங்கள் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். டக் என்று சத்தம் வந்தது.

"பையன் தங்கமான பையனுங்க. ஆனா என்ற புள்ள குடத்தத் தூக்கிட்டு அலையக் கூடாதுங்க. ஒரு போரப் போட்டுட்டுப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. அதற்கு முன்பே சிவப்பு நாற்காலி வந்துவிட்டது. நான் மாட்டுச்சாலைக் கொட்டகையில் அடுப்பு மூட்டி ரிக் ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். சோற்றிலும் புகை, குழம்பிலும் புகை. மாமா ஒரு அம்பதடி சொன்னார். போட்டார்கள். இன்னொன்று சொன்னார். அதையும் போட்டார்கள். அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. பிரபு வண்டிக்குப் பின்னால் போய் முகம் தெரியாமல் நின்றுகொண்டான்.

என் கணவர் தாங்க மாட்டாமல் தானே கேட்டுவிட்டார். "சித்தப்பா, இன்னும் ஒரு அம்பதடி?"

மாமா குடையை மடக்கினார். "வேண்டாஞ் சாமி. நிறுத்தச் சொல்லு."

ரிக் டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, நீங்களா சொல்றீங்க?" என்று கேட்டார். அவருக்கும் மாமாவை ரொம்ப நாளாகத் தெரியும்.

மிஷின் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. மாமா என்னிடம் வந்தார்.

"அம்மிணி, ஒரு பக்கெட்டு தண்ணி இருக்குமா?"

"குடிக்கவாங்க மாமா?"

"குளிக்க."

லாரித் தண்ணீரை மாட்டுக்கே அளந்து ஊற்றுகிற சமயம். எனக்குச் சுருக்கென்றது. பெரியவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல் கொடுத்தேன். மனிதர் சோப்புக் கேட்டு வாங்கித் தேய்த்துக் குளித்தார். சட்டையை அலசினார். நாற்காலியைக் கழுவினார். மொபெட்டைத் துடைத்தார்.

"இப்புடியே வெள்ளையாப் போனன்னா, நான் ஊடு சேர்றதுக்குள்ள பொண்ணு ஊட்டுக்குப் போன் போயிரும். சொல்றத நாம சொல்லோணும். டீக்கடைக்காரனா சொல்றது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் சுத்தமாக வருவதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. டீக்கடை அப்படியே எழுந்து நின்றதாம்.

"ஏனுங்க, தண்ணியா பொகையா?"

"நாளைக்குச் சொல்றனுங்க" என்று நிற்காமல் போய்விட்டார்.

வெள்ளையும் இல்லை, சேறும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், வெந்நீர் ஊற்று வந்திருக்கிறது, அதிலேயே குளித்துவிட்டு வருகிறார் என்றார். இதுதான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. மாமாவின் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஏனம்மிணி, உங்கூட்டுல சோப்புப் போட்டுக் குளிச்சாராமா? இங்க நாஞ் சொன்னாக் கேக்கறதில்லையே."

அடுத்த போன் பெண்ணின் அப்பாவிடமிருந்து. "வெந்நீர் ஊத்துங்களாமா? நாளைக்குக் குடும்பத்தோட வாரனுங்க." என் கணவர் "வந்து... அதுங்க..." என்பதற்குள் வைத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மில்லுக்காரர் காட்டில் சண்டைச் சத்தம். வரப்பில் சிவப்பு நாற்காலி. அதில் மாமா. பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கருப்பு ஓஸ் குழாய் சுருள் சுருளாகக் கிடந்தது.

"என்ற காட்டு வழியா ஓஸா? முடியாது" என்றார் மில்லுக்காரர்.

"முடியாதுன்னாப் பரவால்ல. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

"எத்தன நாளைக்கு?"

"நீ சரிங்கற வரைக்கும். மத்தியானச் சோத்த இங்கயே கொண்டாரச் சொல்லீட்டேன்."

மில்லுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த பிரபுவைப் பார்த்தார்.

"போயித் தொலையுது. மொதல்ல அந்த நாற்காலிய எடுங்க" என்று சொல்லிவிட்டு, ஓஸின் ஒரு முனையைத் தானே பிடித்து இழுத்தார்.

பெண் வீட்டார் வந்து சேர்ந்தபோது எங்கள் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா இளம்பிள்ளைத் தறிப் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்குதுங்க" என்றார், ஏமாந்த மாதிரி.

என் கணவர் மாமாவைப் பார்த்தார். மாமா, "நீ சொல்லு சாமி" என்றார்.

"போருல பொகதானுங்க" என்றார் என் கணவர். "இது சித்தப்பா கெணத்துத் தண்ணிங்க."

நான் டீத் தட்டைப் பிடித்தபடி கதவோரம் நின்றேன்.

"நான் இருக்கற வரைக்கும் வருமுங்க. எனக்கப்பறமும் தண்ணி உடோணும்னு என்ற பையங்கிட்டச் சொல்லியாச்சுங்க" என்றார் மாமா.

பெண்ணின் அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "உங்க கெணறு எவ்வளவு தூரமுங்க?"

மாமா கொஞ்சங்கூடச் சிரிக்காமல் சொன்னார். "ஒரு அம்பதடி இருக்குமுங்க."

பெண்ணின் அப்பா ஓஸைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். அது எங்கள் வேலியைத் தாண்டி, மில்லுக்காரர் மரவள்ளிக் காட்டைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறி, ஏரிக்கரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிற தென்னைமரங்களுக்குள் போய் மறைந்தது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சரிங்க" என்றார். "கல்யாணத்துக்கு அந்த நாற்காலியோடதான் வரோணும் நீங்க."

வந்தார். மணமேடைக்கு எதிரில் முதல் வரிசையில் போட்டு உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் காலையில் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும், "அம்பதடித் தாத்தா எந்திரிச்சுட்டாருங்கத்தை" என்கிறாள் மருமகள். தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று பார்க்க மொபெட்டில் வருவார். நான் டீப் பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்து வைப்பேன்.