இடது அறைக்கு நான் காட்டிய கருணை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மகளின் நலத்தை அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான்கு நாட்களாக அவள் என்னோடு பேசுவதில்லை. உன் வீட்டு மாடி அறை காலியாக இருந்தால் ஒரு மாதம் வந்து தங்கலாமா என்று கேட்கவே இக்கடிதம். அண்ணி போனில் சொல்லும் வடிவம் உன்னை வந்து சேருமுன் என் வடிவம் வந்து சேரவேண்டும் என்பதால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் உன் மருமகள் ஒரு பயிலரங்கு நடத்தினாள் அல்லவா, இணைய விளையாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் வலையமைப்பைப் பற்றி? தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே விளையாட்டை ஆடும்போது, யாருடைய செய்தி தாமதமாகப் போய்ச் சேருகிறதோ அவன் தோற்றுக்கொண்டே இருப்பான். அதை எப்படிச் சரிசெய்வது என்பதே பேச்சு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வகுப்பில் நான் கேள்வி கேட்டால் முதல் பெஞ்சு கையைத் தூக்கிவிடும். கடைசி பெஞ்சுக்குக் கேள்வியே அப்போதுதான் போய்ச் சேரும். நாம் அவனை மக்கு என்று எழுதிவிடுவோம். முப்பத்திரண்டு வருடம் அப்படி எழுதியவன் நான்.

எட்டு மாதம் உழைத்தாள். பேச்சாளர்களுக்குக் கடிதம், வந்த கட்டுரை ஒவ்வொன்றையும் மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்துக் கருத்து வாங்குவது, தராதவர்களை விரட்டுவது. துறைத்தலைவர் இந்த வருடம் சோதனையாகத்தான் கூடத்தைக் கொடுத்திருந்தார். அவருக்குப் பிடித்தால் வருடந்தோறும் நடக்கும். இல்லாவிட்டால் இதோடு சரி. நான் பெயர்ச்சீட்டு ஒட்டினேன், தேநீருக்கு வெந்நீர் வைத்தேன். அன்று காலை மேற்பார்வையாளர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, மகள் என்னிடம் வந்தாள்.

“அப்பா, வலது அறைல சும்மா உக்காந்திருந்தா போதும். எதையும் தொடாதீங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க.”

“நான் பரீட்சை ஹாலையே பார்த்தவன்மா.”

“அதான்ப்பா பயமா இருக்கு.”

ஏற்பாடு இதுதான். இரண்டு அறை, அறைக்கு ஐந்து மாணவர்கள், துப்பாக்கி விளையாட்டு. இடது அறையின் செய்திகளைத் தாழ்வாரத்தில் இருக்கும் ஒரு சிறிய பெட்டி வேண்டுமென்றே தாமதப்படுத்தும். முதல் பாதியில் இடது அறை தோற்கவேண்டும். பிற்பாதியில் மகள் கண்டுபிடித்த திருத்தத்தைச் சேர்ப்பார்கள். இரண்டு அறையும் சமமாகவேண்டும். கூடத்தில் அறுபது பேர் திரையில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தே நிமிடத்தில் ஒன்பதுக்கு இரண்டு என்று இடது அறை கிடந்தது. நான் காலை நீட்டத் தாழ்வாரத்துக்கு வந்தேன், அந்த அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு நெட்டைப் பையன் என்னைப் பார்த்து, “சார், நாங்க துப்பாக்கியத் தூக்குறதுக்குள்ள செத்துப் போயிடுறோம் சார், லைனே சரியில்ல” என்றான், தங்கச்சி, அது கடைசி பெஞ்சின் குரல், முப்பத்திரண்டு வருடமாக என் காதுக்கு வந்து சேராமல் வழியில் நின்ற குரல், எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, திரும்பி வந்து என் அறைப் பிள்ளைகளிடம், “தம்பிகளா, மனசுக்குள்ள ‘ஒன்று’ன்னு சொல்லிட்டு அப்புறம் சுடுங்க, அவங்களும் உங்கள மாதிரி ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதானே” என்று சொல்லிவிட்டேன்.

நல்ல பிள்ளைகள். ஒருவரும் என் சொல்லைத் தட்டவில்லை.

கூடத்தில் நடந்ததைக் கடைசி வரிசையில் இருந்த உன் அண்ணி சொன்னாள். மகள் திரையைக் காட்டி, “இடது அறை எவ்வளவு பின்தங்குதுன்னு பாருங்க” என்றாளாம். அந்த நொடியில் இடது அறை முந்திவிட்டது. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினாராம். “நோயே வரலையேம்மா, மருந்து எதுக்கு?” திருத்தம் சேர்த்த பிற்பாதியில் மட்டும் இடது முப்பத்தொன்று, வலது எட்டு. “இப்ப நோயாளி டாக்டரையே அடிக்கிறானே!”

மகள் என் அறைக்கு ஓடி வந்தாள். ஐந்து வாய்கள் “ஒன்று, ஒன்று” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன. “அப்பா” என்றாள். அவ்வளவுதான். நான் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு உதாரணத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு கூடத்துக்குப் போய், “தப்பு எங்க பக்கம். வலது அறைல எங்கப்பா கருணை காட்டிட்டாரு” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள். கூடத்தைப் பற்றித் துறைத்தலைவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்றதும், “சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தாச்சு, இனி வீடு வீடாப் போய் ஊதணுமா?” என்கிறாள் உன் அண்ணி.

அவள் உழைப்பைக் கெடுத்தது தப்பு. ஆனால் ஒருமுறையாவது கடைசி பெஞ்சுக்காகக் காத்திருந்ததைத் தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. இதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

மாப்பிள்ளையின் முழங்கால் வலியும் உன் கோபமும் குறைந்து, இருவரும் பல்லாண்டு நலமாக இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
சும்மா உட்காரத் தெரியாத அண்ணன்

பின்குறிப்பு: மாடி அறையைக் கூட்ட வேண்டாம். உறையை ஒட்டும்போது மகள் வந்தாள், பேசினாள். இன்று பயிலரங்குச் சாமான்களைக் கட்டும்போதுதான் பார்த்தாளாம்: தாமதப்படுத்தும் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. காலையில் அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வெந்நீர்க் கெட்டிலைச் செருகியது நான்தான். மின்சாரம் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி செய்திகளை நிறுத்தாமல் அப்படியே போகவிட்டுவிடுமாம். ஆக, இடது அறைக்குக் கண் சிமிட்டும் நேரம்கூடத் தாமதம் கிடையாது. “அவனுங்களுக்கு ஆடவே தெரியலப்பா” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெட்டியைப் பார்க்காமல் தொடங்கியது தன் தப்பு என்று துறைத்தலைவரிடம் போய் அதையும் சொல்லிவிட்டாள். “ரெண்டு தடவை தானா வந்து தப்பைச் சொன்ன ஆள இந்தத் துறையில இப்பத்தான் பாக்குறேன்” என்று அடுத்த வருடத்துக்கும் கூடத்தைக் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை: கெட்டிலும் நானும் வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். கடைசி பெஞ்சைப் பற்றி மேலே எழுதியதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. அவர்களில் சிலர் நிஜமாகவே படிக்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.