மூடி திறக்காத நீலம்

புங்குடுதீவில் பொறுமையே இல்லாத ஆள் யார் என்று ஒரு தேர்தல் வைத்தால், 'பொறுங்கோ அக்கா'வை எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வரமாட்டார்கள். பெட்டியை மூடுமுன்பே வாக்கு எண்ண அவரே வந்துவிடுவார் என்பது வேறு விடயம்.

இறுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். வாயைத் திறந்தால் முதலில் வருவது 'பொறுங்கோ'தான். ஆனால் அது மற்றவர்கள் பொறுப்பதற்கு. அவருக்கோ, பஸ் நிற்குமுன் ஒரு கால் றோட்டில் இருக்கும்.

இப்படிப்பட்டவர்தான் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டுச் சுவெற்றர் பின்னுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். அதுவும் மார்கழியிலும் விசிறி தேடுகிற ஊரில்! எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காம். கனடாவில் இருக்கும் தங்கை வெள்ளை நூலைப் பொதியில் அனுப்புவார். பனையோலைப் பெட்டிக்குப் போடும் சாயத்தூளை அக்கா கிடாரத்துக் கொதிநீரில் கரைத்து, நூலை அமுக்கி மூடுவார். பிறகு சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதுதான் அவருக்கு ஏலாத வேலை.

மூடியைத் திறப்பார். தடியால் பாதி நூலைத் தூக்கிப் பார்ப்பார். "காணாது" என்று இன்னொரு பிடி தூள் போடுவார். கொஞ்சம் மஞ்சள் போட்டால் என்ன என்று யோசனை வரும். யோசனை முடியுமுன் மஞ்சள் உள்ளே கிடக்கும். வெளியே வரும் நிறத்துக்கு இதுவரை ஒருவரும் பெயர் வைக்கவில்லை. இளஞ்சிவப்பாகக் கிளம்பிய ஒரு குழந்தைத் தொப்பி கனடாவில் போய் இறங்கியதும் தங்கை பதறிக்கொண்டு அழைத்தாராம்.

"அக்கா, பிள்ளையை வெளியில கொண்டுபோகேலாமல் கிடக்கு. தலையில என்ன காயமெண்டு சனம் கேக்குது!"

"பொறு. தோய்க்கத் தோய்க்க அழகு வரும்."

நூல் காயவும் விடமாட்டார். ஈரத்தோடேயே பின்னத் தொடங்கிவிடுவார். ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் நயினாதீவு அம்மன் கோயில் ஐயர் ஒருவர் இருந்தார். வேலணை தாண்டுமுன் ஐயரின் வெள்ளை வேட்டி பாதி பச்சையாகிவிட்டது.

"பொறுங்கோ ஐயா, காய்ஞ்சால் போயிடும்."

"வேட்டி காய்ஞ்சு கனநேரம், பிள்ளை. பச்சைதான் போகேல்லை."

"பச்சை அம்மனுக்கு விருப்பமான நிறந்தானே, ஐயா?"

"அம்மனுக்கு விருப்பந்தான். தோய்க்கிறது என்ர மனிசியெல்லோ!"

இந்த அக்காவின் கையில்தான் போன வருடம் என் மானமும் போய் மாட்டியது. நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். கையெழுத்துப் போடச் சொன்னால் வியர்த்துப்போவார். அம்மா என்னைக் கேட்காமலே அக்காவிடம் போய்விட்டார்.

"பிள்ளை, என்ர பெடியன் படிப்பிக்கப் போறான். அங்கை குளிராம். ஒரு சுவெற்றர் பின்னித் தா. ஆனால் ஒரே நிறமா இருக்கவேணும். அவனைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கக்கூடாது."

எனக்கும் அந்தப் பயந்தான். முதல்நாள் சிரித்த வகுப்பு பிறகு அடங்காது.

"அக்கா, கடும் நீலம். நீலம் மட்டும்," என்று கெஞ்சினேன்.

"பொறும், பொறும். நீர் படிச்ச பிள்ளை. உமக்குப் பிழையாச் செய்வனே?"

நூலை நீலத்தில் அமுக்கி மூடினார். இருந்தார். எழும்பினார். மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். உடனே அதை எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"தம்பி, நான் நயினாதீவுக்குப் போறன்."

"இப்ப என்னத்துக்கு அக்கா?"

"இங்கை நிண்டால் திறந்துபோடுவன். நடுவில கடல் கிடந்தால் திறக்கேலாதெல்லோ? நீர் அடுப்பைப் பாரும். நான் சொன்னாலும் திறவாதையும்."

குறிகட்டுவான் துறையிலிருந்தே முதல் அழைப்பு வந்துவிட்டது.

"மூடி கிடக்கோ?"

"கிடக்கு அக்கா."

அடுத்தது படகிலிருந்து. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "மணம் எப்பிடி? நீல மணமோ?"

பிறகு கோயில் வாசலிலிருந்து: "தம்பி, மூடியில சும்மா ஒரு நீக்கல் வையும். ஒற்றைக் கண்ணால பாரும்."

"ஏலாது அக்கா."

"கல்நெஞ்சுக்காரன்! உம்மட்டைப் படிக்கிற பிள்ளையள் பாவம்."

"அம்மனைக் கும்பிட்டனீங்களோ?"

"எங்கை கும்பிட்டது? கண்ணை மூடினால் கிடாரம் தெரியுது!"

வந்த படகிலேயே திரும்பி, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். மூடியைத் திறந்தோம். நீலம். தலைப்பிலிருந்து முடிவுவரை ஒரே நீலம். அக்கா நூலைப் புரட்டிப் புரட்டிப் பிழை தேடினார்.

"இது நான் போட்டது மாதிரி இல்லையே," என்றார், கொஞ்சம் பயந்தவர்போல.

நான் புறப்பட்ட காலையிலும் சுவெற்றரின் இரண்டாவது கையைப் பின்னிக்கொண்டே பஸ் தரிப்புக்கு ஓடிவந்தார். சாரதியைப் பார்த்து "பொறுங்கோ!" என்று கத்திவிட்டு, நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். நீலம் மணிக்கட்டுக்குக் கிட்ட முடிந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு கையிலும் நாலு விரல் அகலத்துக்குப் பச்சையும் மஞ்சளும் பெயரில்லாத நிறங்களும் ஓடின.

"தம்பி, நீல நூல் முடிஞ்சு போச்சு. திரும்பப் போட நேரமுமில்லை." அன்றுதான் அவர் குரல் இறங்கிக் கேட்டேன். "இதை உள்ளுக்கு மடிச்சு விடும். ஒருத்தருக்கும் தெரியாது."

மடித்துக்கொண்டுதான் முதல்நாள் வகுப்புக்குள் போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். அம்மா உடனேயே அதைச் சொல்ல அக்காவிடம் ஓடியிருக்கிறார்.

இங்கே பனி கூடிவிட்டது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது பின்வரிசை வாங்கில் யாரோ களுக்கென்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் இப்போது சுவெற்றரின் கையை மடிப்பதில்லை.